நீரும் உணவும் சோதனைக்குப் போகும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்திலிருந்து வரும் அறிக்கையில் ஒரு நெடுவரிசையில் எண்களும் அவற்றுக்கு எதிரே அனுமதிக்கப்பட்ட வரம்புகளும் இருக்கும். எண் வரம்புக்குள் இருந்தால் தண்ணீர் நல்லது, தேன் அசல், பால் சுத்தம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் எந்த வேதிச் சோதனையும் அவ்வளவு பெரிய கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. இந்தப் புட்டியில் உள்ள மாதிரியில், இந்த நேரத்தில், இந்த முறையால் பிடிபடக்கூடிய வடிவில், இந்த ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற குறுகிய கேள்விக்கு மட்டுமே அது பதில் தருகிறது. நீர்ப் பரிசோதனையிலும் உணவுக் கலப்படச் சோதனையிலும் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, கேட்ட கேள்வி ஒன்றாகவும் நாம் எடுத்துக்கொண்ட பதில் வேறொன்றாகவும் இருப்பதால் வருபவையே.

முதல் தவறு ஆய்வகத்துக்கு வெளியே, குழாயடியிலேயே நடந்துவிடுகிறது. வீட்டில் கிடந்த குளிர்பான பாட்டிலைக் கழுவி, போர்வெல் தண்ணீரைப் பிடித்து, இரண்டு நாள் கழித்து வசதிப்படும்போது கொண்டுபோய்க் கொடுப்பவர்கள் பலர். அந்த இரண்டு நாளில் பாட்டிலுக்குள் இருக்கும் நீர் மாறிக்கொண்டே இருக்கிறது. நிலத்தடியில் காற்றுப்படாமல் இருந்த நீரில் இரும்பு கரைந்த நிலையில் இருக்கும். பிடிக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாகத் தெரியும் நீர், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் சில மணி நேரத்தில் பழுப்பேறி, இரும்பு அடியில் வண்டலாகப் படிந்துவிடும். மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் எடுத்துச் சோதித்தால் இரும்பு குறைவு என்றே அறிக்கை வரும். ஆர்செனிக் போன்ற நச்சுத் தனிமங்களும் அந்த இரும்பு வண்டலோடு ஒட்டிக்கொண்டு கீழே போய்விடக்கூடும். இதனால்தான் உலோகங்களுக்கான மாதிரியில் பிடித்த உடனேயே சில துளி தூய நைட்ரிக் அமிலம் சேர்த்து, பிஹெச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 2-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். பிஹெச் மதிப்பை அதே இடத்தில் அளக்க வேண்டும் என்பதற்கும் இதே போன்ற காரணம் உண்டு: நிலத்தடி நீரில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேற வெளியேற, பிஹெச் உயர்ந்துகொண்டே போகும்.

கிருமிச் சோதனைக்கான புட்டி இன்னும் கவனம் கேட்பது. அது கிருமிநீக்கம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். மாதிரியைக் குளிர்ச்சியாக வைத்து, கூடியவரை சில மணி நேரத்துக்குள்ளும், எப்படியும் 24 மணி நேரத்துக்குள்ளும் ஆய்வைத் தொடங்க வேண்டும். குளோரின் கலந்த நீர் என்றால் புட்டிக்குள் முன்கூட்டியே சிறிதளவு சோடியம் தயோசல்பேட் இட்டிருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் நீரில் மிச்சமுள்ள குளோரின், ஆய்வகம் போய்ச் சேரும்வரை புட்டிக்குள் கிருமிகளைக் கொன்றுகொண்டே இருக்கும். குழாயில் கிருமி இருந்திருக்கலாம், அறிக்கையில் இருக்காது.

குழாயைத் திறந்துவிட்டு எவ்வளவு நேரம் கழித்துப் பிடிப்பது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது, ஏனென்றால் எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். கிணற்று நீரின் இயல்பை அறிய வேண்டுமானால், குழாயில் தேங்கியிருந்த நீர் வெளியேறும்வரை சில நிமிடங்கள் ஓடவிட வேண்டும். குழாயிலிருந்தே ஈயம் கரைகிறதா என்று அறிய வேண்டுமானால், ஆறு மணி நேரமாவது திறக்காமல் வைத்திருந்து முதலில் வரும் நீரையே பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை ஆற்றுக்கு மாற்றியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்காமல் விட்டார்கள். ஈயக் குழாய்கள் கரையத் தொடங்கின. ஆனால் ஈயத்துக்கான மாதிரி எடுக்கும் வீடுகளுக்குத் தரப்பட்ட அறிவுறுத்தலில், முந்தின இரவே குழாயைச் சில நிமிடங்கள் ஓடவிடும்படி சொல்லப்பட்டிருந்தது. தேங்கிய நீரை அப்படி வெளியேற்றிவிட்டால் ஈயத்தின் அளவு உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். கருவியில் எந்தக் குறையும் இல்லாமலே ஒரு நகரத்தின் அளவீடு தவறாகிவிட முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சியை நான் அறியேன்.

அடுத்தது, நீரில் கரைந்த மொத்தத் திடப்பொருள்களைக் காட்டுவதாகச் சொல்லப்படும் டி.டி.எஸ். மீட்டர் மீது நம் வீடுகளில் வளர்ந்திருக்கும் நம்பிக்கை. சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் பேனா போன்ற அந்தக் கருவியைத் தண்ணீரில் முக்கிக் காட்டி, எண் குறைந்தால் நல்ல தண்ணீர் என்பார். அந்தக் கருவி அளப்பது நீரின் மின்கடத்துதிறனை மட்டுமே. அதை ஒரு காரணியால் பெருக்கி, கரைந்த உப்புகளின் தோராய அளவாகக் காட்டுகிறது. இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த திடப்பொருள்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற ஏற்கத்தக்க வரம்பையும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களுக்கு 2000 வரை தளர்வையும் தருகிறது. அதே தரத்தில் ஃபுளோரைடுக்கு 1 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது, தளர்வு 1.5 வரைதான். டி.டி.எஸ். 400 உள்ள நீரில் ஃபுளோரைடு 3 மில்லிகிராம் இருந்தாலும் அந்த மீட்டர் அதைத் தனியே காட்டாது, கிருமிகளை அறவே காட்டாது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களில் பழுப்புக் கறையோடு தலைமுறைகள் வளர்ந்ததற்குக் காரணமான ஃபுளோரைடு, நாக்குக்கும் தெரியாது, இந்தப் பேனாவுக்கும் தெரியாது.

காய்ச்சிக் குடித்தால் போதும் என்பதும் இதே வகைத் தவறுதான். காய்ச்சுவது கிருமிகளைக் கொல்லும்; சூட்டில் படிந்துவிடும் சுண்ணாம்பு உப்புகளால் வரும் தற்காலிகக் கடினத்தன்மையைக் குறைக்கும். ஃபுளோரைடும் நைட்ரேட்டும் ஆர்செனிக்கும் கொதிநீரில் அப்படியே இருக்கும். நீர் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு சற்றுக் கூடத்தான் செய்யும்.

அறிக்கையைப் படிக்கும்போது எண்ணுக்குப் பக்கத்தில் உள்ள அலகைப் பார்க்காமல் விடுவது படித்தவர்களிடமும் காணப்படும் தவறு. நைட்ரேட்டின் வரம்பு நம் நாட்டுத் தரப்படி லிட்டருக்கு 45 மில்லிகிராம். இதில் தளர்வு இல்லை. ஆனால் சில ஆய்வகங்கள் நைட்ரேட்டை நைட்ரஜனாகக் கணக்கிட்டு எழுதும். அந்தக் கணக்கில் வரம்பு சுமார் 10 மட்டுமே. ‘நைட்ரேட் 20, நைட்ரஜனாக’ என்று எழுதியிருப்பதை 45-உடன் ஒப்பிட்டு நிம்மதி அடைபவர், உண்மையில் 88 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் உள்ள நீரைக் கைக்குழந்தையின் பாலில் கலக்கிறார். குழந்தையின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைக்கக்கூடும்.

கேட்கப்படாத கேள்விக்கான விலை எவ்வளவு பெரிதாக இருக்க முடியும் என்பதற்கு வங்கதேசமே சாட்சி. குளத்து நீரால் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காப்பாற்றும் நல்ல நோக்கத்தோடு, 1970-கள் முதல் அங்கே லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போடப்பட்டன. அந்த நீரில் ஆர்செனிக் இருக்கிறதா என்று அப்போது பார்க்கும் வழக்கமில்லை. 1992-இல் பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனம் அந்நாட்டின் ஒரு பகுதியில் நிலத்தடி நீரில் பல தனிமங்களைச் சோதித்தது. அந்தப் பட்டியலில் ஆர்செனிக் இல்லை. பாதிக்கப்பட்டவர் தொடுத்த வழக்கு, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைவரை சென்றது. ஆர்செனிக்கைச் சோதிக்க வேண்டிய சட்டக் கடமை அந்நிறுவனத்துக்கு இருக்கவில்லை என்று 2006-இல் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் முடிவு எதுவாயினும், அறிக்கையில் ஒரு பொருளின் பெயர் இல்லாததற்கும் அந்தப் பொருள் நீரில் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைக் கோடிக்கணக்கானவர்கள் தம் உடலால் அறிந்துகொள்ள நேர்ந்தது.

உணவுக் கலப்படத்தில் இந்தக் குறுகிய கேள்வியையே கலப்படக்காரர் ஆயுதமாக்கிக்கொள்கிறார். பாலில் புரதம் எவ்வளவு என்று அறிய, கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய யோகான் கெல்டால் 1883-இல் வெளியிட்ட முறை இன்றும் பயன்படுகிறது. அது புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, ஒரு காரணியால் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறது. மெலமைன் என்ற தொழிற்சாலைப் பொருளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். ஒரு கிராம் மெலமைன், இந்தக் கணக்கில், நான்கு கிராமுக்கும் அதிகமான புரதமாகத் தோன்றும். சீனாவில் பாலில் தண்ணீர் கலந்து, குறைந்த புரத எண்ணை மெலமைனால் நிரப்பினார்கள். 2008-இல் அது வெளிப்பட்டபோது சுமார் 3 லட்சம் குழந்தைகள் சிறுநீரகப் பாதிப்புக்கு உள்ளாகியிருந்தனர். 6 குழந்தைகள் இறந்ததாகப் பதிவாயிற்று. சோதனை செய்தவர்கள் சரியாகவே செய்தார்கள் என்பதுதான் இதில் என்னை இன்றும் வருத்துகிறது.

தேனின் கதையும் இதே தடத்தில் போகிறது. கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையில் கார்பன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதம், தேனீக்கள் நாடும் பெரும்பாலான மலர்ச்செடிகளின் விகிதத்திலிருந்து வேறுபட்டது. அதை வைத்துக் கலப்படத்தைக் கண்டுபிடிக்கலாம். அரிசியும் பீட்ரூட் வகைக் கிழங்கும் மலர்ச்செடிகளைப் போலவே ஒளிச்சேர்க்கை செய்வதால், அவற்றிலிருந்து எடுத்த பாகு இந்தச் சோதனையைத் தாண்டிவிடும். டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், உள்நாட்டுச் சோதனைகளில் தேறிய தேன் மாதிரிகளில் பல, ஜெர்மனி ஆய்வகத்தில் செய்த, காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சைகைகளைக் கொண்டு பொருள்களை அடையாளம் காணும் அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் தேறவில்லை. நிலைமை இப்படியிருக்க, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் நிற்கும், தீக்குச்சியில் தடவினால் எரியும், எறும்பு மொய்க்காது என்றெல்லாம் வீட்டில் பார்ப்பதில் பயனில்லை. அவை பிசுபிசுப்பையும் ஈரப்பதத்தையும்தான் காட்டும். கெட்டியான சர்க்கரைப் பாகும் அவற்றில் தேறிவிடும்.

பாலின் அடர்த்தியைக் காட்டும் பால்மானியும் ஒற்றைக் கேள்விக் கருவிதான். தண்ணீர் சேர்த்தால் பாலின் அடர்த்தி குறையும், கொழுப்பை எடுத்தால் கூடும். இரண்டையும் அளவாகச் செய்தால் அளவுகோல் பழைய இடத்திலேயே நிற்கும். ஆகவே கொழுப்பையும் சேர்த்து அளக்காத பால்மானி அளவீடு பாதி விவரமே. ஸ்டார்ச் இருக்கிறதா என்று அயோடின் விட்டுப் பார்ப்பவர்கள் பாலைக் காய்ச்சிய சூட்டோடு விடுவதும் உண்டு. சூட்டில் அந்த நீல நிறம் தோன்றாது, ஆறவிட்ட பிறகே தோன்றும். யூரியா சோதனையில் இலேசாக நிறம் மாறியதுமே பால்காரரைக் குற்றம் சாட்டுவதும் நியாயமல்ல. பசும்பாலில் இயற்கையாகவே யூரியா உண்டு. 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராம் என்பதே நம் நாட்டு வரம்பு. மஞ்சள்தூளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டதும் வரும் இளஞ்சிவப்பைப் பார்த்துப் பதறுபவர்களும் பொறுத்துப் பார்க்க வேண்டும். அசல் மஞ்சளும் அப்படிச் சிவக்கும். தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்த பிறகும் அந்த நிறம் மறையாமல் நின்றால்தான் மெட்டானில் மஞ்சள் என்ற சாயத்தைச் சந்தேகிக்கலாம். ஈயக் குரோமேட் என்ற வேறொரு மஞ்சள் நிறமி கலந்திருந்தால் இந்தச் சோதனை அதைப் பற்றி எதுவும் சொல்லாது.

சுத்திகரிப்பே சோதனையைக் குழப்பும் இடங்களும் உண்டு. நாக்பூரிலுள்ள நீரி (தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய நல்கொண்டா முறையில், படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்து ஃபுளோரைடை வண்டலாக்கி இறக்குகிறார்கள். நீரில் மிச்சமிருக்கும் அலுமினியம் ஃபுளோரைடோடு பிணைந்துகொள்ளும். அந்தப் பிணைப்பை விடுவிக்கும் தாங்கல் கரைசலைச் (பிஹெச்சை நிலையாக வைக்கும் கரைசலை) சேர்க்காமல், பிணையாத ஃபுளோரைடை மட்டும் உணரும் மின்முனையால் அளந்தால், நீங்காத ஃபுளோரைடும் நீங்கியதாகத் தெரியும்.

குளோரின் சேர்ப்பதில் நடப்பவை பெரும்பாலும் கணக்குத் தவறுகள். புதிய பிளீச்சிங் பவுடரில் ஏறத்தாழ 33 சதவீதம் பயன்படும் குளோரின் இருக்கும். 1000 லிட்டர் நீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் குளோரின் தர 6 கிராம் தூள் போதும். வாய் திறந்த மூட்டையில் மழைக்காலம் முழுதும் கிடந்த தூள் 15 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால், அதே 6 கிராம் லிட்டருக்கு 0.9 மில்லிகிராமைத்தான் தரும். அதையும் கலங்கலும் இலைதழையும் உண்டுவிடும். ஆகவே முதலில் தெளியவைத்து, பிறகே குளோரின் சேர்க்க வேண்டும். தூளை அப்படியே தொட்டியில் கொட்டாமல், வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பின் மேல்நீரை மட்டும் ஊற்ற வேண்டும். எந்த அமிலத்தோடும் அதைச் சேர்த்துவிடக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

ஊற்றியவுடன் குழாயைத் திறப்பதும் தவறு. பிஹெச் 8-க்குக் கீழுள்ள நீரில் குறைந்தது 30 நிமிடம் கழிந்த பிறகும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். பிஹெச் நிபந்தனை வெறும் சம்பிரதாயமல்ல. கிருமியைக் கொல்வதில் வல்லமை மிக்க ஹைப்போகுளோரஸ் அமிலம், பிஹெச் 7.5-இல் சுமார் பாதியாகவும், 8.5-இல் பத்தில் ஒரு பங்காகவும் குறைந்துவிடுகிறது. எஞ்சிய குளோரினை, அதனோடு சேர்ந்து நிறம் தரும் டி.பி.டி. மாத்திரையால் பார்க்கும்போது இளஞ்சிவப்பு நிறம் வரும். குளோரின் அளவு மிக அதிகமாகிவிட்டால் அந்த நிறத்தையே அது வெளுத்துவிடும். சோதனைக் குழாய் நிறமற்று நிற்க, பார்ப்பவர் குளோரினே இல்லை என்று எண்ணி இன்னொரு வாளி ஊற்றிவிடுவார். மருந்து கலந்த தொட்டியில் நிறமே வராவிட்டால், மாதிரியில் ஒரு பங்கை ஒன்பது பங்கு காய்ச்சி வடித்த நீரோடு கலந்து, புதிய மாத்திரை போட்டு மறுபடி பார்த்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கிய பிறகே தூளைத் தொட வேண்டும்.