கடல் கடந்து போகும் குழந்தைத் துணி: தைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெளிநாட்டில் கஷ்டப்படும் தாய்மார்களுக்காகக் குழந்தைத் துணி தைக்கப் புதிதாக வருகிறவர்கள், நான் செய்த தவறுகளையே திரும்பச் செய்வதைப் பார்க்கிறேன். கோணல் தையலைப் பற்றிப் பேசப் போவதில்லை. அது பழகப் பழகச் சரியாகிவிடும்.

நனைக்காமல் வெட்டுவது

புதுத் துணி கஞ்சி விறைப்போடு இருக்கும், வெட்டும்போது நழுவாது. அந்த வசதிக்காக ஒருமுறை இருபது ஜப்லாக்களை அப்படியே வெட்டித் தைத்தேன். அனுப்புவதற்கு முந்தின நாள் ஒன்றில் மெஷின் எண்ணெய்க் கறை. துவைத்துக் காயவைத்து இன்னொன்றின் மேல் வைத்துப் பார்த்தால், ஒரு விரல் அகலம் குட்டை. பருத்தி சுருங்கிவிட்டது, பாலியஸ்டர் நூல் சுருங்கவில்லை. தையல் நெடுக நெளிநெளியாக இழுத்துக்கொண்டு நின்றது. இருபதையும் பிரித்துவைத்தேன். அந்த முறை பெட்டியில் ஜப்லா போகவில்லை.

கணக்கைப் பாருங்கள். நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ. கழுத்தை 37 செ.மீ. வைத்துத் தைக்கிறீர்கள். 5 சதவீதம் சுருங்கினால் மிஞ்சுவது 35 தான். இழுபடாத துணியில் தலை எப்படி நுழையும்?

"அவங்க துவைச்சுப் போட்டுக்க மாட்டாங்களா?" என்று யாராவது கேட்டால் இன்றும் எனக்குக் கோபம் வரும். துவைப்பார்கள், கொதிநீரில்கூடப் போடுவார்கள். அதற்கப்புறம் துணி பற்றாமல் போனால், அந்தத் தாய் யாரிடம் போய் மாற்றிக் கேட்பாள்?

ஆகவே வெந்நீரில் ஊறவைத்து, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே கத்தரியை எடுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். அது இழைமேல் படிந்து ஈரம் உறிஞ்சுவதைக் குறைக்கும். லங்கோட்டுத் துணிக்கு உறிஞ்சுவதுதானே வேலை!

பட்டன், முத்து, ரிப்பன்

வேண்டாம். பிய்ந்தால் வாய்க்குத்தான் போகும்.

உள்பக்க நூல்

கையுறை, காலுறைக்குள் தொங்கும் ஒற்றை நூல் பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கி, ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். குழந்தை ஏன் அழுகிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ஒவ்வொன்றையும் உள்வெளியாகத் திருப்பி, ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள்.

குண்டூசி

எண்ணிக் குத்துங்கள், எண்ணி எடுங்கள்.

எல்லாமே பிறந்த குழந்தை அளவு

சின்னதாக இருந்தால் தைக்க ஆசையாக இருக்கும். ஆனால் சில வாரங்களிலேயே பற்றாமல் போகும். மூன்று மாதம், ஆறு மாத அளவும் சேர்த்துத் தையுங்கள்.

சூட்டோடு கட்டுவது

இஸ்திரி போட்ட கையோடு பிளாஸ்டிக் பையில் அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கும். கப்பலில் வாரக்கணக்கில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். ஓர் இரவு காற்றாடப் பரப்பிவைத்து, மறுநாள் மடியுங்கள்.