வெளிநாட்டில் வசிப்பவர்கள் வசதி குறைந்த குழந்தைகளுடன் தன்னார்வப் பணி தொடங்குவது எப்படி?

படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போனவர்களுக்கு, ஊர் ஓரளவு பழகியதும் சனி, ஞாயிறு நீளத் தொடங்கும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாமே என்ற எண்ணம் பெரும்பாலும் அப்போதுதான் வரும். பாசம் காட்ட ஆள் கிடைப்பது எளிது. சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு வந்து உட்காரும் ஆள்தான் கிடைப்பதில்லை. ஆகவே முதலில் நாட்காட்டியை எடுங்கள். தேர்வு, ஊருக்குப் போகும் விடுமுறை எல்லாவற்றையும் கழித்த பிறகும் ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு மணி நேரம் மிஞ்சுகிறதா? மிஞ்சினால் மேலே படியுங்கள்.

படி 1: விசா

சம்பளம் வாங்காத வேலைதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். பிரிட்டனின் குடியேற்ற விதிகள் தன்னார்வச் சேவையையும் சம்பளமில்லா வேலையையும் (ஊழியருக்குரிய கடமைகளோடு கூலியின்றிச் செய்வது) வெவ்வேறாகப் பார்க்கின்றன. அங்கே பார்வையாளராக வந்தவர், பதிவுபெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாட்கள் வரைதான் சேவை செய்யலாம். பஸ் கட்டணத்தைத் திருப்பித் தருவதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. கைச்செலவுக்கு என்று மாதாமாதம் ஒரு தொகை தந்தால் அது ஊதியமாகக் கருதப்படலாம். மாணவராக இருந்தால் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: இடத்தைத் தேர்ந்தெடுப்பது

நூலகத்தின் வாசிப்பு நேரம், பள்ளி முடிந்தபின் நடக்கும் வீட்டுப்பாட வகுப்பு, அகதிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான மொழிப் பயிற்சி ஆகியவை புதியவருக்கு ஏற்றவை. பிள்ளை மாலையில் தன் வீட்டுக்குத் திரும்பிவிடும். உங்கள் வேலைக்கும் ஓர் எல்லை இருக்கும்.

அனாதை இல்லங்கள் விஷயத்தில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. சில நாடுகளில் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகள் பலருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள். பணம் கட்டிச் சேவை செய்ய வெளிநாட்டினர் வரிசையில் நிற்பதால், இல்லத்தை நிரப்பவே பிள்ளைகளைச் சேர்க்கும் கொடுமையும் நடக்கிறது. சுற்றுலாவோடு சேர்ந்த இத்தகைய சேவைத் திட்டங்கள் கடத்தலுக்கும் சுரண்டலுக்கும் இட்டுச் செல்லக்கூடும் என்று ஐ.நா. பொதுச் சபை 2019-ஆம் ஆண்டுத் தீர்மானத்திலேயே எச்சரித்தது. எந்தக் கேள்வியும் கேட்காமல் "நாளைக்கே வாருங்கள்" என்று அழைக்கும் இடம் எதுவானாலும் ஒதுங்கிவிடுங்கள்.

படி 3: பின்னணிச் சரிபார்ப்பு

நல்ல நிறுவனம் உங்களைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் குழந்தைகளுடன் பணியாற்றுவதற்கான சரிபார்ப்பை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நடத்துகிறது. ஜெர்மனியில் விரிவான நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பார்கள். தன்னார்வலருக்குக் கட்டண விலக்கு உண்டு. கனடாவில் உங்கள் பாலினமும் பிறந்த தேதியும், மன்னிப்புப் பெற்ற பாலியல் குற்றவாளி ஒருவருடையதோடு ஒத்துப்போனால் கைரேகை கேட்பார்கள். அதற்காக மனம் நோக வேண்டாம், தற்செயலான பொருத்தம்தான். புதிய நாட்டின் காவல்துறைக்கு உங்கள் பழைய வரலாறு தெரியாது என்பதால், சொந்த நாட்டுக் காவல்துறைச் சான்றிதழையும் கேட்கலாம். அது வந்து சேரத் தாமதமாகும், முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

படி 4: பிள்ளையின் பக்கத்தில் உட்காருவது

பயிற்சி வகுப்பில் சொல்லித்தராத சிலவற்றை இங்கே சொல்கிறேன். எதிரே உட்காராதீர்கள், பக்கத்தில், புத்தகம் இருவருக்கும் தெரியும்படி உட்காருங்கள். முதலில் இருவரும் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். "நானே படிக்கிறேன்" என்பதற்கு மேசையில் தட்டுவதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம். தட்டியதும் நீங்கள் நிறுத்திவிட வேண்டும். ஒரு சொல்லில் பிள்ளை தடுக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காமல் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் சொல்லைச் சொல்லிக் கொடுத்து, திரும்பச் சொல்லச் செய்து, நகர்ந்துவிடுங்கள். கேள்வி கேட்கும்போதும் இதே பொறுமை வேண்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீளமாக வருகின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் எழுதினார். ஒரு முறை காத்திருந்து பாருங்கள், மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும்!

கணக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. நீள் வகுத்தலில் வகுக்கும் எண்ணை நாம் இடப்பக்கம் எழுதுகிறோம். பிரான்சில் அதை வலப்பக்கம் எழுதுவார்கள். ஐரோப்பாவின் பல நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளிதான். நம் முறையைத் திணித்தால் பிள்ளை வகுப்பில் திண்டாடும். "உங்கள் டீச்சர் எப்படிப் போட்டார்? எனக்குக் காட்டு" என்று கேளுங்கள். பிள்ளை விளக்கத் தொடங்கும்போது பாதிக் கணக்கு தானாகவே சரியாகிவிடும். உங்கள் உச்சரிப்பை அது திருத்தினால் திருத்தட்டும். அந்த அரை நிமிடம் அதுதான் ஆசிரியர்.

படி 5: செய்யக்கூடாதவை

படம் எடுக்காதீர்கள், முகத்தை மறைத்தும் வேண்டாம். தொலைபேசி எண், தனிப்பட்ட பரிசு, மூடிய அறையில் தனிமை எதுவும் கூடாது. பிள்ளை "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று வீட்டில் நடக்கும் அடி உதையைச் சொல்லத் தொடங்கினால், ரகசியமாக வைத்திருப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். "உனக்கு உதவக்கூடியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். துருவ வேண்டாம். பிள்ளை சொன்ன சொற்களையே எழுதி, அன்றே குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். விசாரிப்பது அவர்கள் வேலை.

படி 6: விடைபெறுவது

விசா முடியும், வேலை மாறும். ஒரு மாதம் முன்பே நிறுவனத்திடம் சொல்லி, பிள்ளையிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். "திரும்பி வருவேன்" என்று சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீர்கள். எந்தப் புத்தகம் வரை வந்தது, எது பிடிக்கும், எதில் தடுக்குகிறது என்று அடுத்து வருபவருக்கு ஒரு பக்கம் எழுதி வையுங்கள். கையோடு, பணியாற்றிய காலத்தைக் குறிப்பிடும் சான்றுக் கடிதம் ஒன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நாட்டில் இதே பணிக்குப் போனால் பெரும்பாலும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.