வீடியோவில் இடம் மாறிய கொம்பு

தாளில் எழுதிய கட்டுரையை மாணவர்கள் 2 நிமிட வீடியோவாக்கினார்கள். அதில் தமிழ் வரிகள் சிதைந்தன. ‘மரம்’, ‘பாடம்’ சரியாகவே வந்தன. ஃபான்ட் (எழுத்துரு) கோளாறு என்று நினைத்து, லதா, நிர்மலா, நோட்டோ என ஃபான்ட்களை மாற்றியதில் 3 நாள் போனது. வீடியோ எடிட்டர் மென்பொருளை மறுபடி நிறுவியும் பயனில்லை.

உற்றுப் பார்த்தால், ‘கேணி’யில் இரட்டைக் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் நின்றது. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் சேமிக்கும் வரிசையே அதுதான். முன்னே நகர்த்திக் காட்டுவது மென்பொருளின் வேலை. அந்த எடிட்டர் அதைச் செய்யவில்லை. கொம்பில்லாத சொற்களால் சோதித்தால் இது தெரியவே தெரியாது.

அதனால் பவர்பாயின்ட்டில் வரியைத் தட்டச்சு செய்து, பெட்டியின் ஓரத்தில் ரைட் கிளிக் செய்து, பிஎன்ஜி படமாகச் சேமித்தேன். பின்னணி இல்லாமல் எழுத்து மட்டும் வரும். வீடியோ மேல் அப்படியே வைக்கலாம். எழுத்தைப் பெரிதாக வைத்தே சேமியுங்கள், பிறகு இழுத்தால் மங்கும். சந்திப்பிழையையும் படமாகச் சேமிக்கும் முன்பே திருத்திவிட வேண்டும்.