கடற்கரைப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப் வழியே தமிழ் எழுதக் கற்பித்தல்: தொடக்க நிலை ஆசிரியர்களுக்கான செய்முறை விளக்கம்

பாம்பனிலோ தொண்டியிலோ வாலிநோக்கத்திலோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கடலைப் பற்றிப் பேசச் சொன்னால் அது தங்குதடையின்றிப் பேசும். அதையே கட்டுரையாக எழுதச் சொன்னால் மூன்றாவது வரியோடு பேனா நின்றுவிடும். பிள்ளைக்குச் செய்தியும் தெரியும், தமிழும் தெரியும். பேச்சுத் தமிழிலிருந்து எழுத்துத் தமிழுக்கு வந்துசேரும் வழிதான் பழக்கப்படவில்லை. அந்த வழியை வாட்ஸ்அப் குரல்செய்தியைக் கொண்டு எப்படிப் பழக்குவது என்பதை, இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியில் தமிழாசிரியராக நான் செய்துவரும் முறையிலேயே, இதுவரை இணையக் கருவி எதையும் வகுப்புக்குப் பயன்படுத்தியிராத ஆசிரியர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

கருவிகள் பல இருக்க வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது ஏற்கெனவே எல்லா வீட்டிலும் இருக்கிறது என்பதுதான். புதிதாகக் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இன்ஸ்டாகிராம், முகநூல் போன்ற பொதுவெளித் தளங்களில் பள்ளிப் பிள்ளைகளை எழுதவைப்பது எனக்கு உடன்பாடில்லை. அறிமுகமில்லாதவர்களின் பார்வையும் கருத்தும் இல்லாத இடத்தில்தான் பிள்ளை தயங்காமல் எழுதிப் பழகும்.

படி 1: ஒப்புதல் பெறுங்கள்

முதலில் தலைமையாசிரியரிடம் எழுத்துவழி அனுமதி பெறுங்கள். அடுத்துப் பெற்றோர். 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களுடைய தரவைக் கையாள்வதற்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. வாட்ஸ்அப் நிறுவனமும் 13 வயதுக்குக் குறைந்தவர்கள் தாமாகக் கணக்கு வைத்திருப்பதை அனுமதிப்பதில்லை. ஆகவே ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே இதைத் தொடங்காதீர்கள். தொடங்கும்போதும் பெற்றோரின் கைபேசி, பெற்றோரின் கணக்கு என்ற ஏற்பாட்டிலேயே செய்யுங்கள்.

பெற்றோர் கூட்டத்தில் இதை விளக்கும்போது, பிள்ளை எவ்வளவு நேரம் கைபேசியைக் கையில் வைத்திருக்கும் என்பதையே தாய்மார்கள் முதலில் கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு பணி, பதிவு செய்வதற்கும் எழுதுவதற்கும் சேர்த்து அரை மணி நேரம் என்று திட்டவட்டமாகச் சொல்லிவிடுங்கள், சொன்னபடியே நடந்துகொள்ளுங்கள்.

கடற்கரை ஊர்களுக்கே உரிய ஒரு சிக்கலையும் இப்போதே கணக்கில் கொள்ள வேண்டும். பல வீடுகளில் இணைய வசதியுள்ள கைபேசி ஒன்றுதான் இருக்கும்; அப்பா தொழிலுக்குப் போனால் அதுவும் படகோடு போய்விடும். "இன்று இரவு 8 மணிக்குள் அனுப்ப வேண்டும்" என்ற கெடு இங்கே செல்லாது. ஒரு வாரக் கெடு கொடுங்கள். கைபேசியே இல்லாத பிள்ளைக்கு, பள்ளி நேரத்தில் உங்கள் கைபேசியில் பதிவு செய்யும் வாய்ப்பைக் கட்டாயம் கொடுங்கள். கைபேசி இருப்பவருக்கு மட்டுமான வகுப்பாக இது ஆகிவிடக் கூடாது.

படி 2: குழுவா, பட்டியலா?

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த ஒவ்வொருவருடைய தொலைபேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். வகுப்பு முழுவதையும் ஒரே குழுவில் சேர்த்தால், ஒரு வீட்டின் எண் நாற்பது வீடுகளுக்குப் போய்ச் சேரும். பெண் பிள்ளைகளின் பெற்றோர் இதற்குத் தயங்குவது நியாயமே. அதனால் தொடக்கத்தில் 'பிராட்காஸ்ட்' எனப்படும் ஒலிபரப்புப் பட்டியலையே பரிந்துரைக்கிறேன். புதிய பட்டியலைத் தொடங்கி, பெற்றோர் எண்களைச் சேர்த்து, ஒரு செய்தி அனுப்பினால் அது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். பதிலும் உங்களுக்கு மட்டுமே வரும். ஒன்றை மறக்க வேண்டாம்: உங்கள் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போய்ச் சேரும். பெற்றோர் கூட்டத்திலேயே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மாதம் இப்படி நடந்து, வீடுகளுக்கு நம்பிக்கை வந்த பிறகு, ஒப்புக்கொள்கிறவர்களை மட்டும் கொண்டு ஐந்தாறு பேர் அடங்கிய சிறு குழுக்களை அமைக்கலாம்.

படி 3: தமிழ் விசைப்பலகை

ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையின் அமைப்புகளுக்குள் சென்று, மொழிகள் என்ற பகுதியில் தமிழைச் சேர்த்தால் போதும். ஆங்கில எழுத்தில் தட்டினால் தமிழாக மாற்றிக் கொடுக்கும் முறையும் அங்கேயே இருக்கிறது; மொழி வகுப்புக்கு அதை வேண்டாம் என்பேன். ழகரமா ளகரமா, றகரமா ரகரமா என்று பிள்ளை தானாக முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கைபேசி முடிவெடுத்துவிடுகிறது. தமிழ் எழுத்துகளே தெரியும் விசைப்பலகையில் தட்டச் சொல்லுங்கள். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 என்னும் விசையமைப்பு முறையைப் பழகிக்கொள்ளும் பிள்ளைக்குப் பின்னாளில் கணினியிலும் அது கைகொடுக்கும். பேசினால் எழுத்தாக்கும் வசதியையும் இப்பணிக்குத் தள்ளிவையுங்கள். காதால் கேட்டுக் கையால் எழுதுவதே இங்கே பயிற்சி.

படி 4: குரலில் தொடங்குங்கள்

இதுதான் முழு முறைக்கும் அடிப்படை. முதல் பணியில் எழுத்தே வேண்டாம். வீட்டிலோ கரையிலோ உள்ள பெரியவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டு, அவர் சொல்வதை ஒரு நிமிடத்துக்கு மிகாமல் பதிவு செய்து அனுப்ப வேண்டும். ஒலிவாங்கிப் பொத்தானை அழுத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும். பிறகு விரலை எடுத்துவிட்டுப் பேசுகிறவரிடம் கைபேசியை நீட்டலாம். காற்று பலமாக அடிக்கும் கரையில் பதிவு தெளிவாக இராது என்பதால், வாடி எனப்படும் கரையோரக் கொட்டகைக்குள்ளோ வீட்டுத் திண்ணையிலோ உட்காரவைத்துப் பதியச் சொல்லுங்கள். பேசப்போகிறவரிடம் "தாத்தா, நீங்க சொல்றத எங்க தமிழ்ச் சாருக்கு அனுப்புறேன், சம்மதமா?" என்று கேட்டுவிட்டே தொடங்க வேண்டும் என்பதையும் பணியோடு சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

கேள்வியை எப்படி அமைக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "காற்றின் வகைகள் யாவை?" என்று கேட்டால் நான்கு சொற்கள் வரும், பேச்சு வராது. "எந்தக் காற்றுக்கு நீங்க தொழிலுக்குப் போக மாட்டீங்க, ஏன்?" என்று கேட்டால் ஒரு நிமிடம் போதாது. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிக் கடற்பாசி எடுக்கும் பெண்களிடம், அதில் ஒரு வகையான மரிக்கொழுந்துப் பாசியை எப்படி அடையாளம் காண்கிறார்கள், கைகால் கிழியாமல் இருக்க என்ன செய்கிறார்கள் என்று கேட்கலாம். கீழக்கரைப் பக்கத்தில் சங்கு குளித்த முதியவர்கள் இருந்தால், மூச்சடக்கப் பழகியதைப் பற்றிக் கேட்கலாம்.

இதற்கு ஏற்ற காலமும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களில் விசைப்படகுக்காரர்கள் கரையில் வலை பின்னிக்கொண்டும் படகைப் பழுது பார்த்துக்கொண்டும் இருப்பார்கள். பள்ளிக்கும் கோடை விடுமுறை. கைபேசியும் வீட்டில், பேசுகிறவரும் வீட்டில். விடுமுறைப் பணியாக இதைக் கொடுத்தால் வேறு எந்த மாதத்திலும் கிடைக்காத பதிவுகள் கிடைக்கின்றன.

படி 5: கேட்டபடி எழுதுதல், பிறகு எழுத்துத் தமிழில் எழுதுதல்

இந்த இரண்டையும் ஒரே மூச்சில் செய்யவிடாதீர்கள். முதலில், பதிவில் காதில் விழுந்ததை அப்படியே, ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தங்கச்சிமடத்து மாணவி ஒருத்தி தன் தாத்தாவின் பேச்சைக் கேட்டு எழுதியது இது:

"வாடை அடிச்சா வடகடல்ல தொழிலுக்குப் போக முடியாது. தென்கடலு அமைதியாக் கெடக்கும். கச்சான் காலம் வந்துச்சுன்னா அப்புடியே மாறிரும்."

அடுத்த வாரம் எழுத்துத் தமிழில் அவள் எழுதியது: "வாடை அடித்தால் வடகடலில் தொழிலுக்கு போக முடியாது. தென்கடல் அமைதியாக கிடக்கும். கச்சான் காலம் வந்தால் அப்படியே மாறிவிடும்."

பேச்சு வடிவத்தை எழுதும்போது காது வழிநடத்தியதால் ஒற்றுகள் சரியாக விழுந்திருந்தன. எழுத்துத் தமிழுக்கு மாறியதும் 'தொழிலுக்கு போக', 'அமைதியாக கிடக்கும்' என்று அவை காணாமல் போயின. இதை அவளுடைய இரண்டு செய்திகளையும் அருகருகே வைத்தே காட்டலாம். நான்காம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு நிற்கும்போதும், 'ஆக' என்று முடியும் வினையடைக்குப் பின்னும் வல்லினம் மிகும் என்ற விதியை, அவளுடைய தாத்தாவின் வாயிலிருந்தே எடுத்துச் சொல்ல முடிகிறது. சந்தி என்பது இலக்கண நூலுக்குள் மட்டும் இருப்பதாக நினைத்திருந்த பிள்ளைக்கு, தன் வீட்டுப் பேச்சில் அது எப்போதும் இருந்துவருகிறது என்று தெரியும்போது, அதன்பின் அதை மறப்பதில்லை.

மூன்றாவது கட்டம், உள்ளூர் அறியாத ஒருவருக்கும் புரியும்படி விரித்து எழுதுதல். மதுரையில் இருக்கும் மாணவருக்கு வடகடல் எது, தென்கடல் எது என்று தெரியாது. அதற்காக அவள் இப்படி விரித்தாள்: "வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வாடை வீசுவதால், பாக் நீரிணைப் பக்கமுள்ள வடகடல் கொந்தளிப்பாக இருக்கும், மன்னார் வளைகுடாவாகிய தென்கடல் அமைதியாகக் கிடக்கும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கச்சான் வீசத் தொடங்கியதும் இந்நிலை தலைகீழாக மாறிவிடும்." மூன்று சிறு வாக்கியங்கள் காரணமும் விளைவும் இணைந்த நீண்ட வாக்கியங்களாக வளர்ந்திருப்பதைப் பாருங்கள். வாடை, வடகடல், தென்கடல், கச்சான், கிடக்கும் ஆகிய வட்டாரச் சொற்கள் அப்படியே நிற்கின்றன. நானும் அவற்றைத் தொடவில்லை. வட்டாரச் சொல் பிழையன்று. வினைமுற்றின் வடிவத்தையும் சந்தியையும் எழுத்து மயக்கத்தையும் மட்டும் திருத்துங்கள். கடலோரத்தார் ஈட்டிய சொல்லைத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை.

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் காற்றைப் பற்றிய பாடத்தில் கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று படிப்பார்கள். இந்தப் பணியைச் செய்த பிள்ளைகளுக்கு அந்தப் பக்கம் முன்பே பழகிய பக்கமாக இருக்கும்.

படி 6: திருத்தம் தனியாக, ஒருமுறைக்கு ஒன்று

திருத்தத்தைக் குழுவில் போடாதீர்கள், தனிச்செய்தியில் அனுப்புங்கள். குறிப்பிட்ட செய்தியை வலப்பக்கம் இழுத்தால் அதற்கே பதில் எழுதலாம் என்பதால், எந்த வரியைச் சொல்கிறீர்கள் என்ற குழப்பம் வராது. ஒரு வாரம் ஒற்று மட்டும். மறுவாரம் ணகர, நகர, னகரம் மட்டும். எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் சிவப்பாக்கினால் பிள்ளை அடுத்த வாரம் எழுதாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்திக்கொள்ளும் வசதி 2023இல் வந்தது. இதை முறையாகவே பயன்படுத்துங்கள்: அனுப்பியபின் 15 நிமிடம் நீங்கள் எதுவும் சொல்லப் போவதில்லை, அதற்குள் தாமே வாய்விட்டுப் படித்துத் திருத்திக்கொள்ளலாம் என்று அறிவித்துவிடுங்கள். நீண்ட கட்டுரைகளுக்கு மட்டும் கூகுள் டாக்ஸ் என்னும் இணைய ஆவணக் கருவி நல்லது. அதில் பரிந்துரைக்கும் நிலையில் (Suggesting) வைத்துத் திருத்தினால் பிள்ளை எழுதியது அழியாது, ஒவ்வொரு மாற்றத்தையும் ஏற்பதும் மறுப்பதும் அதன் கையில் இருக்கும். மறுக்கும்போது காரணம் எழுதச் சொல்லுங்கள். அந்தக் காரணங்களைப் படிப்பது எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி.

படி 7: வகுப்புக்கு வெளியே ஒரு வாசகர்

ஓராண்டு நடந்தபின், சேர்ந்திருக்கும் கடற்சொற்களைத் தமிழ் விக்சனரியில் சேர்க்கலாம். 2004 முதல் இயங்கிவரும் இந்தத் திறந்த அகராதியில் யாரும் சொல் சேர்க்க முடியும். உங்கள் பெயரிலான கணக்கிலிருந்தே சேருங்கள். மாணவர் பெயரோ பேசியவர் பெயரோ ஊர்த்தெருவோ அதில் வரக் கூடாது. அங்கே போடுவதை எவரும் எடுத்தாளலாம் என்பதையும் வீட்டாருக்கு விளக்கிவிடுங்கள். குரல்பதிவை வெளியிடுவதானால் பேசியவரின் ஒப்புதல் தனியாக வேண்டும். பாம்பனிலிருந்து ஒலிக்கும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலியில் மீனவர் பேச்சு எப்படி ஒலிக்கிறது என்பதை வகுப்பில் கேட்கவைத்தால், தங்கள் பேச்சும் ஒலிபரப்பில் வரத்தக்கது என்று பிள்ளைகள் உணர்வார்கள்.

படி 8: ஆண்டு முடிவில் மூடுதல்

உரையாடலை ஏற்றுமதி செய்யும் வசதியைக் கொண்டு எழுத்துகளைச் சேமியுங்கள். நல்ல குரல்பதிவுகளை மாதந்தோறும் பள்ளிக் கணினிக்கு மாற்றி, தேதியும் பொருளும் சேர்த்துப் பெயரிடுங்கள். பெயரிடாத ஒலிக்கோப்பைப் பின்னர் தேடி எடுக்க முடியாது. பிறகு பெற்றோருக்கு அறிவித்துவிட்டு, சிறு குழுக்களிலிருந்து உறுப்பினர்களை ஒவ்வொருவராக நீக்கி, கடைசியாக நீங்களும் வெளியேறி, குழுக்களை அழித்துவிடுங்கள். புதிய கல்வியாண்டில் புதிய ஒப்புதல் படிவத்தோடு முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.