தஞ்சாவூருக்கு இருவராகப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பி, தண்ணீர் பாட்டில், ரயில் முன்பதிவு பற்றியெல்லாம் இங்கே பேச்சில்லை. கோயிலும் சிலையும் ஓவியமும் பார்க்கலாம் என்று இரண்டு நாள் விடுப்பில் கிளம்பிவரும் தம்பதிகள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடங்கள் வேறு.

பெரிய கோயிலுக்குப் பதினொரு மணிக்குப் போவது

டிபனை ஆற அமர முடித்துவிட்டு வந்தால் தரை காய்ந்து கிடக்கும். மதியம் நடை சாத்தினால் மறுபடி திறக்க நாலு மணி ஆகிவிடும். பாதச் சூட்டில் துள்ளிக்கொண்டே விமானத்தை அண்ணாந்து பார்த்து, நந்தி முன்னால் ஒரு செல்ஃபி எடுத்து வெளியேறுவதோடு முடிந்துவிடுகிறது. காலை ஆறரைக்கு வந்தால் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளின் அருகில் நிதானமாக நிற்கலாம். தான் கொடுத்தது, அக்கன் குந்தவை கொடுத்தது, தன் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது அத்தனையையும் கல்லிலே வெட்டச் சொன்ன ராஜராஜனின் ஆணை அங்கேதான் இருக்கிறது.

நிழல் விழாது என்று நம்புவது

பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பது வெறும் கதை. விழும். சாயங்காலம் நீங்களே பார்க்கலாம்.

எந்த ஓவியத்தையும் சோழர் ஓவியம் என்பது

1931-இல் வெளிச்சத்துக்கு வந்த சோழர் ஓவியங்கள் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் இருக்கின்றன. அங்கே பொதுமக்களுக்கு வழக்கமாக அனுமதி கிடையாது. வெளிச் சுற்று மாளிகைச் சுவரில் நீங்கள் பார்ப்பவை பிற்காலத்தவை.

கடைசி ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூர் ஓவியம் வாங்குவது

பணத்தைக் கரைக்கும் தவறு இதுதான். இத்தனை பேர் பட்ட பிறகும் குறையவில்லை என்பதுதான் எரிச்சல். காட்சி எப்போதும் ஒன்றுதான். மாலை ரயிலுக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும். திருமண நாள் ஞாபகமாக ஏதாவது வாங்கலாம் என்று அவர் சொல்வார், ‘அந்தக் கிருஷ்ணர் நல்லா இருக்குங்க’ என்று இவர் சொல்வார். ஃப்ரேம் போட்டு, மேலே மஞ்சள் விளக்கு எரிய மாட்டியிருக்கும் படம் அது. அந்த வெளிச்சத்தில் தகரம்கூடத் தங்கமாகத் தெரியும். மூன்றாவது மழைக்காலத்தில் கிருஷ்ணரின் கிரீடம் கறுக்கத் தொடங்கும்.

கறுப்பதற்குக் காரணம், ஒட்டியது தங்கரேக்கு, அதாவது மெல்லிய தங்கத் தகடு, அல்ல; தங்க நிறத்தில் செய்த வேறு உலோக ரேக்கு. ஈரம் பட்டால் அது நிறம் மாறும், தங்கம் மாறாது. ஒழுங்கான பலகைப் படத்தில் முதலில் பலகை, அதன்மேல் ஒட்டிய துணி, அதன்மேல் சாக்பவுடரும் கோந்தும் கலந்து பூசித் தேய்த்த வெள்ளைத் தளம். பிறகு கோடு வரைந்து, கல் பதித்து, நகையும் வளைவும் எழும்ப வேண்டிய இடங்களில் மாவைப் புடைப்பாக வைத்து, ரேக்கு ஒட்டி, கடைசியில் வண்ணம். அவசரப் படத்தில் முகம் அச்சடித்ததாக இருக்கும், மேலே ரேக்கும் கல்லும் மட்டும் ஒட்டியிருப்பார்கள்.

அதனால் ஃப்ரேம் போடாத படத்தைக் கேளுங்கள். வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். தங்கரேக்கு அடங்கி மின்னும். கண்ணாடி மாதிரிப் பளீரிட்டால் சந்தேகப்படுங்கள். போன் கேமராவைக் கண், உதடு ஓரங்களில் பெரிதாக்கிப் பாருங்கள்: அச்சு என்றால் புள்ளிகள் தெரியும், கைவேலை என்றால் தூரிகைக் கோடு தெரியும். சொல்லும் அளவு ஃப்ரேமோடா, ஃப்ரேம் இல்லாமலா என்று கேளுங்கள். 15-க்கு 12 அங்குலம் என்று காசு கொடுத்துவிட்டு வீட்டில் அளந்தால், பாதி பேருக்கு அதில் மரச்சட்டமும் சேர்ந்திருக்கும்.

ரேக்கு எத்தனை காரட், கைவேலையா, பலகை என்ன அளவு என்ற மூன்றையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். கண்ணாடி படத்தின்மேல் உட்காரக்கூடாது. நடுவே இடைவெளி விட்டுச் சட்டம் போடாவிட்டால், ரயில் குலுக்கலில் புடைப்பு நசுங்கும், கல் உதிரும். எடுத்துப்போகும்போது கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டி, படத்தை நிறுத்தியே வையுங்கள்.

முதல் நாள் காலையிலேயே கடைகளை ஒரு சுற்று பாருங்கள், அரசின் பூம்புகார் கைவினைக் கடை உட்பட. வாங்குவது இரண்டாம் நாள் இருக்கட்டும். இந்த ஓர் இரவு இடைவெளியே பாதி ஏமாற்றத்தைத் தடுத்துவிடும்.

அரண்மனையில் ஒட்டிக்கொண்டே சுற்றுவது

கலைக்கூடம், சரஸ்வதி மகால் நூலக அருங்காட்சியகம், தர்பார் ஹால் எல்லாவற்றுக்கும் ஒரே சீட்டு, ஒரே விடுமுறை என்று நினைத்து வந்து ஏமாறுகிறார்கள். முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, ஒருவருக்கு நின்று பார்க்கப் பிடிக்கும், மற்றவருக்கு நடக்கப் பிடிக்கும். சேர்ந்தே போனால் இரண்டும் கெடும். கலைக்கூடத்தில் நாற்பது நிமிடம் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு ஆளுக்கு ஒரு சிலையை மற்றவருக்குக் காட்டுங்கள்.

திருவெண்காட்டில் கிடைத்த வெண்கலச் சிலைகளான ரிஷபவாகனரையும் (காளையோடு நிற்கும் சிவன்) உமையையும் மட்டும் இருவருமாகப் பாருங்கள். அவர் 1011-ஐச் சேர்ந்தவர், அவள் 1012. சடையைத் தலைப்பாகை போலச் சுற்றிக்கொண்டு, காளைமேல் சாய்ந்து நிற்கிறார். காளைதான் இல்லை. அங்கே இல்லாத காளையின் மேல் அவர் கை மட்டும் இளைப்பாறுகிறது. இதைக் கவனிக்காமல் கடந்து போகிறவர்கள்தான் அதிகம்.

மூன்று சோழர் கோயில்களையும் ஒரே நாளில்

தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் ஒரே நாளில் வேண்டாம். தாராசுரத்தில் நாயன்மார் கதைச் சிற்பங்கள் சுவரின் அடியில், சின்னஞ்சிறியதாக, ஓடிக்கொண்டே போகும். குனிந்து பார்க்க இரண்டு மணி நேரமாவது வேண்டும். கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செருப்பு

கோயிலில் கழற்றியாக வேண்டும், தரையோ சுடும். கனமான பருத்திச் சாக்ஸ், ஆளுக்கு இரண்டு ஜோடி.

‘இது பழைய சிலை சார்’

நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். உரிமம் இல்லாமல் அதை விற்கக்கூடாது. அப்படிச் சொல்லிக் காட்டுகிறவர் பொய் சொல்கிறார், இல்லையென்றால் உங்களை வழக்கில் இழுத்துவிடப் பார்க்கிறார். வெண்கலம் வேண்டுமானால் சுவாமிமலைக்குப் போய், மெழுகில் உருப்பிடிப்பதை நேரில் பார்த்துவிட்டுப் புதிதாகச் செய்ததையே வாங்குங்கள், பில்லோடு.