சிறு விமான வடிவமைப்பு: எடைச்சமனில் சிக்கனம் வேண்டாம்

சிறு விமானம் வடிவமைக்கத் தொடங்கும் மாணவர்கள் தங்கள் வரைபடங்களை என்னிடம் கொண்டுவருவார்கள். படம் அழகாக இருக்கும். உள்ளே புரட்டினால் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் செய்த அதே பிழைகள் வரிசையாக நிற்கும். அலகு மாற்றத் தவறு, கூட்டல் தவறு போன்றவற்றை யாராவது பிடித்துவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இறக்கையை முதலில் வரைவது

எடையும் ஸ்டால் வேகமும்தான் முதலில் வர வேண்டும். ஸ்டால் வேகம் என்பது தூக்குவிசை கைவிடாமல் பறக்கக்கூடிய மிகக் குறைந்த வேகம். அமெரிக்காவின் 1982ஆம் ஆண்டு அல்ட்ராலைட் (ஒருவர் மட்டும் பறக்கும் மிக இலேசான விமானம்) விதியையே எடுத்துக்கொள்வோம். எஞ்சின் உள்ள விமானத்தின் வெற்று எடை 254 பவுண்டுக்கு, அதாவது சுமார் 115 கிலோவுக்குக் குறைவாக இருக்க வேண்டும், ஸ்டால் வேகம் 24 நாட்டைத் (மணிக்கு 44 கி.மீ.) தாண்டக் கூடாது. விமானி 85 கிலோ, பெட்ரோல் 14 கிலோ என்றால் மொத்தம் 214 கிலோ. மடல்கள் (மெதுவாகப் பறக்க, இறக்கையின் பின்விளிம்பில் கீழிறக்கும் பலகைகள்) இல்லாத இறக்கைக்கு உச்சத் தூக்குவிசைக் கெழுவை, அதாவது இறக்கை அதிகபட்சம் எவ்வளவு தூக்கும் என்பதற்கான எண்ணை, தாராளமாக 1.6 என்று வைத்தாலும் ஒரு சதுர மீட்டர் 15 கிலோதான் சுமக்கும். ஆக, 14 சதுர மீட்டருக்கு மேல் இறக்கை வேண்டும். 9 சதுர மீட்டரில் ஒல்லியாக வரைந்துவந்தால் ஸ்டால் வேகம் 30 நாட்டைத் தொட்டுவிடும்.

எரிபொருள் தொட்டி

விமானத்தின் ஈர்ப்பு மையத்தை ஒட்டியே இருக்கட்டும்.

எய்லரானுக்கு எடைச்சமன் வைக்காதது

எய்லரான் என்பது விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்க, இறக்கையின் பின்விளிம்பில் கீலில் ஆடும் பலகை. கீலுக்கு முன்னால் ஈயம் வைத்து அதன் எடையை ஈடுகட்டுவதுதான் எடைச்சமன். அது இல்லாததைப் பார்க்கும்போது இன்றும் கோபம் வருகிறது. எத்தனை முறை சொன்னாலும் அடுத்த அணி அதே வாதத்தோடு வருகிறது: "மெதுவாகப் பறக்கும் விமானம்தானே சார், இரண்டு கிலோ ஈயம் எதற்கு?"

எய்லரானின் ஈர்ப்பு மையம் கீலுக்குப் பின்னால் இருந்தால், இறக்கை மேலே துள்ளும்போது எய்லரான் கூடவே எழாமல் கீழே தங்கிவிடும். கீழே தங்கிய எய்லரான் தூக்குவிசையைக் கூட்டி இறக்கையை மேலும் தள்ளும். இறக்கை திரும்பி இறங்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வொரு சுற்றிலும் காற்றிலிருந்து ஆற்றல் ஏறிக்கொண்டே போகும். அதுதான் ஃப்ளட்டர். சில வினாடிகளில் இறக்கை முறிந்துவிடலாம். விமானிக்கு எதுவும் செய்ய நேரம் இருக்காது.

மெதுவான விமானத்துக்கு வராது என்பது தவறு. எடை குறைக்க மெலிதாகக் கட்டிய இறக்கை எளிதில் முறுக்கிக்கொள்ளும். அந்த அளவுக்கு ஃப்ளட்டர் தொடங்கும் வேகமும் கீழே இறங்கிவிடும்.

ஜெனித் நிறுவனத்தின் சோடியாக் சிஎச் 601எக்ஸ்எல் விமானத்தை எல்லா மாணவர்களுக்கும் சொல்கிறேன். நன்றாக விற்ற, இரண்டு இருக்கை லைட் ஸ்போர்ட் (பொழுதுபோக்குக்கான இலேசான வகை) விமானம். அதன் எய்லரான்களில் எடைச்சமன் இல்லை. வானிலேயே இறக்கை முறிந்த விபத்துகள் தொடர்ந்ததால், 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அதைத் தரையிறக்கி வைக்கச் சொன்னது. எய்லரான் ஃப்ளட்டரைத்தான் வாரியம் சந்தேகித்தது. எய்லரானை இயக்கும் கம்பிவடத்தின் இழுவிசை குறைந்திருந்ததையும் சுட்டியது. பிறகு வந்த மாற்றங்களில் இறக்கைக்கு வலுவூட்டலும் எய்லரானுக்கு எதிரெடையும் இருந்தன. கம்பிவடம் வெயிலில் ஒரு மாதிரி, குளிரில் ஒரு மாதிரி இருக்கும். நாளாக நாளாகத் தளரும். அதை நம்பி உயிரை வைக்க முடியாது.

கணக்கு எளிது. எய்லரான் 2 கிலோ, அதன் ஈர்ப்பு மையம் கீலுக்கு 8 செ.மீ. பின்னால் என்றால், கீலுக்கு 16 செ.மீ. முன்னால் ஒரு கிலோ ஈயம் போதும். கிணற்றுத் துலாவின் பின்முனையில் கல் கட்டுவதும் இதே கணக்குதான். ஈயத்தைத் தாங்கும் கையை விறைப்பாகச் செய்யுங்கள். அது நெளிந்தால் ஈயம் இருந்தும் பயனில்லை.

ஒரு அணி இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து, கத்திமுனையில் வைத்துச் சமன் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு வர்ணம் அடித்தது. மறுபடி வைத்துப் பார்க்கச் சொன்னேன். பின்விளிம்பு பட்டென்று கீழே விழுந்தது. பின்விளிம்பில், கீலிலிருந்து 24 செ.மீ. தள்ளி ஏறும் 100 கிராம் வர்ணம், 16 செ.மீ. முன்னால் 150 கிராம் ஈயம் கேட்கும். வர்ணம், புட்டி, டிரிம் தகடு (பறப்பைச் சீராக்கப் பின்விளிம்பில் வைக்கும் சிறு தகடு) எல்லாம் முடிந்த பிறகுதான் கடைசிச் சமன். பழுது பார்த்தாலும், மறுவர்ணம் அடித்தாலும் மீண்டும் பாருங்கள். வாலில் ஆடும் பலகைகளான எலிவேட்டருக்கும் (மூக்கை மேலும் கீழும் திருப்புவது) ரடருக்கும் (இடமும் வலமும் திருப்புவது) இதே கவனம் தேவை.

எடை மிச்சம் பிடிக்க வேண்டுமா? இருக்கை மெத்தையில், சக்கர மூடியில் குறையுங்கள். எய்லரானின் பின்பாதியை இலேசாகக் கட்டுங்கள். அங்கே குறையும் ஒவ்வொரு கிராமும் ஈயத்தையும் குறைக்கும்.

மணல்மூட்டைச் சோதனையைத் தள்ளிப்போடுவது

இறக்கை தாங்கும் என்று கணினி சொன்னது போதாது, மூட்டை அடுக்கிப் பார்க்க வேண்டும். லைட் ஸ்போர்ட் விமானத்துக்கு வரம்புச் சுமை (பறப்பில் எதிர்பார்க்கும் உச்சச் சுமை) 4 ஜி, அதாவது விமான எடையைப் போல நான்கு மடங்கு; பாதுகாப்புக்காக அதை 1.5ஆல் பெருக்கினால் 6 ஜி. 600 கிலோ விமானம் என்றால் 3,600 கிலோவில் இறக்கையின் சொந்த எடைக்கான பங்கைக் கழித்துவிட்டு, மீதியை மூட்டைகளாக அடுக்குங்கள். 3 வினாடி முறியாமல் நிற்க வேண்டும். வரம்புச் சுமையில் நிறுத்தி, எய்லரானை இருபுறமும் முழுதாக அசைத்துப் பாருங்கள். எங்காவது உரசினாலோ சிக்கினாலோ பறக்கும் நாளைத் தள்ளிவைத்துவிட்டுக் கீல்களைக் கழற்றுங்கள்.