இலக்கியத் திருவிழாவின் இணைய அமர்வை நடத்துவது எப்படி

வேல்ஸின் ஹே, ஸ்காட்லாந்தின் எடின்பரோ புத்தகத் திருவிழாக்கள் 2020இல் முழுக்க இணையத்தில் நடந்தன. 2021 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் இலக்கிய விழாவும் அப்படியே நடந்தது. அரங்கங்கள் திறந்த பிறகும் இணைய அமர்வுக்கு வேலை இருக்கிறது, தமிழில் இன்னும் அதிகமாகவே. நம் எழுத்தாளர்கள் யாழ்ப்பாணம், டொரன்டோ, லண்டன், சிங்கப்பூர், சிட்னி என்று பரந்து கிடக்கிறார்கள். மதுரையிலோ கோவையிலோ நடக்கும் விழாவுக்கு அத்தனை பேரையும் விமானத்தில் வரவழைப்பது எளிதல்ல.

நல்ல எழுத்தாளர், நல்ல புத்தகம் இருந்தும் அமர்வு பாழாவது உண்டு. பெரும்பாலும் காரணம் இதுதான்: எழுத்தாளரே திரையைப் பகிர்ந்து, சாட்டில் கேள்வியைத் தேடி, "கேக்குதுங்களா?" என்று விசாரித்து, நடுநடுவே இலக்கியமும் பேச வேண்டியிருக்கிறது. பேசுவதைத் தவிர அவருக்கு வேறு வேலை இருக்கவே கூடாது. கீழே உள்ளதெல்லாம் அதற்கான ஏற்பாடு.

ஆளும் நேரமும்

ஓர் அமர்வுக்கு மூன்று பேர் வேண்டும். நெறியாளர் புத்தகத்தைப் படித்தவராக, உரையாடலை மட்டும் கவனிப்பவராக இருக்க வேண்டும். இரண்டாமவர் ஜூம், யூடியூப் இரண்டையும் இயக்குவார். மூன்றாமவருக்குக் கேள்விகளைச் சேகரிக்கும் வேலை. நெறியாளரே நேரலையையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். எழுத்தாளர் ஒரு முக்கியமான இடத்தைச் சொல்லும்போது நெறியாளரின் கண் வேறு திரையில் இருக்கும். அடுத்த கேள்வி ஒட்டாமல் வரும்.

சனிக்கிழமை மாலை 7 மணி (இந்திய, இலங்கை நேரம்) பலருக்கும் ஒத்துவரும். அப்போது சிங்கப்பூரில் இரவு 9.30. லண்டனில் குளிர்காலமானால் மதியம் 1.30, கோடையானால் 2.30. டொரன்டோவில் காலை 8.30 அல்லது 9.30. சிட்னிக்கு இந்த நேரம் ஆகாது, அங்கே நள்ளிரவை ஒட்டிவிடும். ஆஸ்திரேலிய எழுத்தாளர் என்றால் பிற்பகல் 2.30க்கு வையுங்கள். டொரன்டோ எழுத்தாளரையும் சிட்னி எழுத்தாளரையும் ஒரே அமர்வில் போட்டால் ஒருவருக்குத் தூக்கம் கெடும்.

மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். கனடாவும் அமெரிக்காவும் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை மாற்றுகின்றன, பிரிட்டன் கடைசி ஞாயிறன்று. திரும்ப மாற்றுவது பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு, வட அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு. இந்த இடைவெளி வாரங்களில் பழைய கணக்கை நம்பி அழைப்பிதழ் அடித்தால் எழுத்தாளர் ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ வருவார். அழைப்பிதழில் ஒவ்வோர் ஊரின் நேரத்தையும் தனித்தனியாக அச்சிடுங்கள்.

எந்தத் தளம்

பேசுபவர்களும் குழுவினரும் மட்டும் ஜூமில், பார்வையாளர்கள் யூடியூப் நேரலையில் என்பதே எங்கள் பரிந்துரை. ஜூம் இணைப்பைப் பொதுவெளியில் போட்டால் விஷமிகள் நுழைந்து கூச்சலிடுவார்கள், ஆபாசப் படத்தைத் திரையில் பகிர்வார்கள். அப்படிப் போட்டே ஆக வேண்டுமென்றால் காத்திருப்பு அறை, கடவுச்சொல் இரண்டையும் வைத்து, பங்கேற்பாளர்களின் திரைப் பகிர்வை முடக்கிவிடுங்கள்.

ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் துண்டித்துவிடும். ஜூமிலிருந்து நேராக யூடியூபுக்கு அனுப்பவும் கட்டணக் கணக்கு தேவை. விழா நடக்கும் மாதத்துக்கு மட்டும் கட்டினால் போதும். புதிய யூடியூப் சேனலில் முதன்முறை நேரலையைத் திறக்கத் தொலைபேசி எண்ணைச் சரிபார்க்க வேண்டும். அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். விழா நாளன்று காலையில் இதைத் தொடங்கினால் அன்று நேரலை இல்லாமல் போகலாம். தரம் 720பி போதும். அனுப்பும் வேகம் நொடிக்கு 5 மெகாபிட்டுக்குக் குறையாமல் இருக்கட்டும். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள், இங்கே பதிவேற்ற வேகம்தான் கணக்கு.

ஒலி

படம் கொஞ்சம் மங்கினால் பார்வையாளர் பொறுத்துக்கொள்வார். குரல் உடைந்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடுவார். அதனால் ஒத்திகையில் பாதி நேரத்தை ஒலிக்கே கொடுங்கள். ஒத்திகை அமர்வுக்கு இரண்டு நாள் முன்பு, எழுத்தாளர் அன்று உட்காரப்போகும் அதே அறையில், அதே நேரத்தில் நடக்க வேண்டும். காலையில் அமைதியாக இருக்கும் தெருவில் மாலை 7 மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி பாடலாம்.

கைபேசியோடு வரும் சாதாரணக் கம்பி இயர்போன், மடிக்கணினியின் மைக்கைவிட நன்றாக வேலை செய்யும், மைக் வாய்க்கு அருகில் இருப்பதால். ஆனால் அந்தக் கம்பி மைக் சட்டைப் பொத்தானிலோ தாலிச் சங்கிலியிலோ உரசினால் கரகரவென்று கேட்கும். துணியில் ஒரு கிளிப் போட்டு நிறுத்துங்கள். புளூடூத் ஹெட்போனைத் தவிர்ப்பது நல்லது. அதன் மைக்கைத் திறந்ததும் கருவி தொலைபேசி அழைப்பின் தரத்துக்கு இறங்கிவிடும், குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஆகும். மின்விசிறி நேர் மேலே சுழன்றால் இரைச்சல். மே மாதத்தில் அணைக்கச் சொல்ல முடியாது. வேகத்தைக் குறைத்து, நாற்காலியை அறையின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். வெறுஞ்சுவர் அறையில் எதிரொலி வரும். புத்தக அலமாரியும் திரைச்சீலையும் உள்ள அறையே நல்லது.

ஜூமின் இரைச்சல் நீக்கும் அமைப்பு வழக்கமாகத் தானியங்கியில் இருக்கும். கவிதை வாசிப்பவர் தாழ்ந்த குரலில் முடிக்கும் கடைசிச் சொல்லை அது இரைச்சல் என்று நினைத்து விழுங்கிவிடலாம். அதைக் "குறைவு" என்று மாற்றுங்கள். ராகத்தோடு பாடுபவர், பறையோ உடுக்கையோ வாசிப்பவர் என்றால் ஒலியை வடிகட்டாமல் அனுப்பும் ஜூமின் அசல் ஒலி (Original Sound) அமைப்பை இயக்கியே ஆக வேண்டும்.

இன்னொரு தொல்லை வீட்டுக்குள்ளிருந்து வரும். பக்கத்து அறையில் குடும்பத்தார் டிவியில் அதே நேரலையைப் பார்ப்பார்கள். எழுத்தாளர் பேசியது சில நொடி கழித்து அவர் மைக்கிலேயே திரும்ப நுழையும். முன்கூட்டியே சொல்லி ஒலியை அணைக்கச் செய்யுங்கள்.

மின்வெட்டுக்கும் தயாராக இருங்கள். மடிக்கணினிக்கு பேட்டரி உண்டு, இணையம் கொடுக்கும் ரவுட்டருக்கு இல்லை. ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை அதில் மாட்டுங்கள். வேறு நிறுவனத்தின் சிம் உள்ள கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வையுங்கள். எழுத்தாளர் துண்டிக்கப்பட்டால் நெறியாளர் பேச, புத்தகத்திலிருந்து தேர்ந்த ஒரு பக்கம் கையில் இருக்கட்டும். மூன்று நிமிடம் அதை வாசித்தால் அதற்குள் அவர் திரும்பிவிடுவார்.

படத்துக்கு இரண்டு விஷயம் போதும். சன்னல் முகத்துக்கு எதிரே இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் அல்ல. மடிக்கணினியின் அடியில் நான்கைந்து தடித்த புத்தகங்களை அடுக்கிக் கேமராவைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள்.

அறுபது நிமிடம்

வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை என்ற வரிசையை அப்படியே இணையத்துக்குக் கொண்டுவர வேண்டாம். எழுத்தாளர் பேசத் தொடங்குமுன் இருபது நிமிடம் போய்விடும், பார்வையாளர்களும் போய்விடுவார்கள். வரவேற்பும் அறிமுகமும் சேர்ந்து மூன்று நிமிடம். பிறகு உடனே எழுத்தாளரின் குரல்: ஐந்து நிமிட வாசிப்பு. அடுத்து முப்பது நிமிட உரையாடல், பதினெட்டு நிமிடம் கேள்வி பதில், நான்கு நிமிடத்தில் நன்றியும் புத்தக அறிவிப்பும்.

வாசிப்புப் பகுதியை எழுத்தாளர் ஒத்திகையில் கடிகாரம் வைத்து ஒருமுறை உரக்க வாசிக்க வேண்டும். மனத்துக்குள் படிக்கும் வேகத்தில் கணக்குப் போட்டால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அச்சுப் புத்தகத்திலிருந்தோ பெரிய எழுத்தில் எடுத்த தாளிலிருந்தோ வாசிப்பது நல்லது. கைபேசியில் வாசித்தால் நடுவில் அழைப்பு வரும்.

கேள்விகள் தனிக் கலை. எழுத்தாளர் சொல்வது யூடியூபில் இருப்பவரை எட்ட அரை நிமிடம் வரை ஆகலாம். தாமதத்தைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்தாலும் முழுதாகப் போகாது. எனவே கேள்வி நேரம் தொடங்கிய பிறகு கேள்வி அனுப்பச் சொன்னால் வெற்று மௌனம்தான். பத்து நிமிடம் முன்பே, உரையாடலின் நடுவில், "கேள்விகளை இப்போதே அனுப்புங்கள்" என்று நெறியாளர் சொல்ல வேண்டும். பாதிக் கேள்விகள் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்த தமிழாக வரும். அதை நேரலையில் முதன்முறை பார்த்து வாசித்தால் நெறியாளர் தடுக்கிவிழுவார். கேள்வி சேகரிப்பவர் அவற்றைத் தமிழ் எழுத்தில், ஒரு கேள்விக்கு இரண்டு வரி என்று, பகிர்ந்த ஆவணத்தில் எழுதித் தர வேண்டும். கேட்டவரின் பெயரும் ஊரும் கூடவே இருக்கட்டும். பெயர் சொல்லிப் படித்தால் அவர் கடைசிவரை இருப்பார்.

திரையில் பெயர்ப்பட்டை

எழுத்தாளர் தன் குறிப்பை பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அனுப்பியிருந்தால் யுனிகோடுக்கு மாற்றிய பிறகே பயன்படுத்துங்கள். போட்டோஷாப்பில் இந்திய மொழிகளுக்கான பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கலாம். "கெ" என்பது உடைந்து தெரியலாம். ஒருவரின் பெயர் சேனலில் ஆண்டுக்கணக்கில் தவறாக நிற்பது அவமரியாதை. பெயர்ப்பட்டையின் படத்தை எழுத்தாளருக்கே அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

புத்தக விற்பனைக்காக பணம் செலுத்தும் யுபிஐ க்யூஆர் கட்டத்தைத் திரையில் காட்டும் குழுக்கள் உண்டு. பார்வையாளர் கைபேசியிலேயே நிகழ்ச்சியைப் பார்த்தால் அதே கைபேசியால் அதை ஸ்கேன் செய்வது எப்படி? பதிப்பாளரின் இணைப்பையும் வாட்ஸப் எண்ணையும் அஞ்சல் செலவோடு சேர்த்த விலையையும் காணொளிக் குறிப்பிலும் சாட்டின் மேலேயும் நிறுத்திவையுங்கள். கையிருப்பு இருக்கிறதா என்று ஒரு வாரம் முன்பே பதிப்பாளரிடம் கேளுங்கள்.

முடிந்த பிறகு

ஜூம் பதிவில் ஒவ்வொருவரின் ஒலியையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும் வசதி உண்டு; தொடங்குமுன்பே அதை இயக்குங்கள். ஒருவர் இருமினால் அவர் கோப்பில் மட்டும் வெட்டிவிடலாம். பதிவு நிரந்தரமாகச் சேனலில் இருக்கும் என்பதற்கு எழுத்தாளரிடமும், வாசித்த பகுதிக்குப் பதிப்பாளரிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குவது அழைப்புக் கடிதத்தோடு முடிய வேண்டிய வேலை. தொடக்கத்தில் திரைப்பாடல் ஒலிக்கவிட்டால் காணொளிக்குக் காப்புரிமைக் கோரிக்கை வரும், சில நேரம் அந்தப் பகுதி ஒலியின்றிப் போகும்.

காணொளிக் குறிப்பில் 0:00 என்று தொடங்கி வாசிப்பு, உரையாடல், கேள்விகள் என்று நேரக் குறிகளை வரிசையாக எழுதினால் யூடியூப் தானே பகுதிகளாகப் பிரித்துவிடும். குறைந்தது மூன்று குறிகள் வேண்டும். மதிப்பூதியத் தொகையை அழைப்பிலேயே குறிப்பிட்டு, அமர்வு முடிந்த வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். வீட்டிலிருந்தபடி பேசினார் என்பதற்காக அதைக் குறைக்க வேண்டியதில்லை. அவர் செய்யும் தயாரிப்பு அரங்கப் பேச்சுக்குச் செய்யும் அதே தயாரிப்புதான்.